நாலு மணித் துடிப்பு

தமயந்திக்கு நீந்தத் தெரியாது. ஆனால் அந்த வருடம் தை மாதத்திலிருந்து, தினமும் காலை ஐந்தரை மணிக்கு அவளுடைய இதயம் நீந்தியது.

வால்பாறையில் அந்த நேரத்துக்கு ஊரே மேகத்துக்குள் கிடக்கும். பேருந்து ஊழியர் குடியிருப்பில், இரண்டு கம்பளிகளுக்கு அடியில், கண்ணைத் திறக்காமல் அவள் படுத்திருப்பாள். நெஞ்சுக்குள் துடிப்பு மெல்ல ஏறத் தொடங்கும். அதில் பதற்றம் கிடையாது. ஒரு கை வீசி, மறு கை வீசி, யாரோ தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவதுபோல நீளநீளமாக, சீராக ஏறும். இடையிடையே இரண்டு மூன்று துடிப்புகள் தணியும். சுவரைத் தொட்டுத் திரும்புகிறார்கள் என்று அவளாகவே அர்த்தம் செய்துகொண்டாள். நாற்பது நிமிடம் கழித்து எல்லாம் அடங்கும்போது, ஈரத்தலையோடு வெயிலில் உட்கார்ந்திருக்கும் ஒரு சுகம் உடம்பு முழுக்கப் பரவும். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருக்கும்.

முதல் வாரம் அலறிப் புடைத்து எழுந்து உட்கார்ந்தாள். இரண்டாம் வாரம் கவனித்தாள். மூன்றாம் வாரத்திலிருந்து அதற்காகக் காத்திருந்தாள்.

அவள் மலைப்பாதையில் பேருந்து ஓட்டியவள். பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் நடுவே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பதினாறு வருடத்தில் ஒரு வளைவில்கூட வண்டியின் பக்கவாட்டில் கீறல் விழ விட்டதில்லை. மின்பேருந்துகள் வந்த பிறகு மலையில் இரைச்சலே இல்லாமல் போயிருந்தது. மேகத்துக்குள் சத்தமில்லாமல் ஏறும்போது, தான் ஓட்டவில்லை, மலைதான் தன்னை மேலே இழுத்துக்கொள்கிறது என்று அவளுக்குத் தோன்றும். கல்யாணம் ஒன்று நடந்து, இரண்டே வருடத்தில் கோர்ட்டில் முடிந்து, அதுவும் பழங்கதையாகிவிட்டிருந்தது. அவளுக்கென்று இருந்தது அந்தப் பாதைதான்.

நாற்பத்து நான்காவது வயதில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் வாங்கியது. பிறகு சேலை மடித்தால் வாங்கியது. ஒருநாள் பதின்மூன்றாவது வளைவில் கண் இருட்டிக்கொண்டு வர, வண்டியை ஓரம் கட்டி, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு ஸ்டீயரிங் மேலேயே சாய்ந்துவிட்டாள். அறுபது பேர் உயிரோடு இருந்தார்கள். அவளுடைய வேலைதான் போயிற்று. ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கி, வால்பாறை பேருந்து நிலையத்தில் டைம் ஆபீஸ் கூண்டுக்குள் உட்கார வைத்தார்கள். வரும் வண்டி, போகும் வண்டிக்கு நேரம் குறிப்பது, மைக்கில் அறிவிப்பது. அவ்வளவுதான்.

கோவையில் அவளைப் பார்த்தவர் டாக்டர் ரெஹானா. ஐம்பது வயது; சிரிக்காமல் பேசுபவர்; ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்பவர்.

"துடிக்கச் சொல்ற உத்தரவு இதயத்தோட மேல் அறையில இருந்து கிளம்புது. நடுச்சுவர்ல ஒரு நார்க்கற்றை வழியாக் கீழே இறங்கி, வலது, இடதுன்னு ரெண்டு கிளையாப் பிரியுது. உங்களுக்கு இடது கிளையில அடைப்பு. வலது பக்கம் துடிச்சு முடிக்கற நேரத்துலதான் இடது பக்கத்துக்குச் சேதியே போய்ச் சேருது. ரெண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய மூட்டையை ஒருத்தர் விட்டு ஒருத்தர் தூக்கற மாதிரி. அதான் இதயம் களைச்சு வீங்கிடுச்சு."

"அப்ப ரோடே போச்சுங்களா டாக்டர்?"

"போகல. அதுதான் இதுல அதிசயம். அடைப்பு மேலாப்புல, கொஞ்ச தூரத்துக்குத்தான். அதைத் தாண்டி ஒரு இடத்துல கம்பியைப் பதிச்சு, அந்தக் கற்றைக்கே துடிப்பைக் கொடுத்தோம்னா மிச்சப் பாதை முழுக்க நல்லாவே ஓடுது. முந்தியெல்லாம் தசையைக் குத்தி எழுப்புவோம். இப்ப இதயத்தோட சொந்தப் பாதையிலேயே சேதியை விடறோம். ரெண்டு பக்கமும் ஒண்ணாத் துடிக்கும். இது பல வருஷமா நடக்கற வைத்தியம்." டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் சொல்ல வந்தது புதுசு. அப்படித் துடிப்பு கொடுத்துட்டே இருந்தா, சில பேருக்கு அந்த அடைப்பே திறந்துக்குது. செத்துப்போச்சுன்னு நினைச்ச நார்கள் தூங்கிட்டுத்தான் இருந்திருக்கு. ஆனா மெஷின் போடற தாளத்துக்கு அதுங்க எழுந்திருக்கறதில்ல. கடிகாரம் மாதிரி அடிச்சா மரத்துப்போயிடுது. பதிவு பண்ணின தாளத்தைப் போட்டா, நாலு வாரத்துல கண்டுபிடிச்சுட்டு மறுபடி தூங்கிடுது."

"வேற எதுக்கு எழுந்திருக்கும்?"

"உயிரோட இருக்கற இன்னொரு இதயத்துக்கு. அந்தந்த நொடி, நேரடியா."

எங்கேயோ இருக்கும் ஆரோக்கியமான ஒருவர் மார்பில் வில்லை ஒன்றை ஒட்டிக்கொள்வார். அவர் நெஞ்சின் ஏற்ற இறக்கம் அப்படியே இங்கே வரும். தமயந்தியின் உடம்புக்கு வேண்டிய வேகத்தை அவள் இதயமே கேட்டு வாங்கிக்கொள்ளும். அதன் மேல் அந்த இன்னொருவரின் அலை வந்து படியும். ஒரு வருடம். அதற்குள் அடைப்பு திறந்தால், மறுபடி வண்டி ஓட்டச் சான்றிதழ் தரலாம்.

"அப்புறமுங்க டாக்டர், எனக்குப் படபடன்னு வந்தா அது என்னோடதா, அவங்களோடதான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அதைத்தான் நல்லா யோசிக்கச் சொல்றேன்."

பிறகு நிபந்தனைகளை வாசித்தார். கொடையாளர் யார் என்று இவளுக்குத் தெரியாது, இவள் யார் என்று அவருக்குத் தெரியாது. அவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினாரா இல்லையா என்பது அவருடைய ரகசியம், மருத்துவமனை வாய் திறக்காது. விலகினாலும் உயிருக்கு ஆபத்தில்லை, கருவி காவல் காத்துக்கொண்டிருக்கும். வருடம் முடிந்ததும் இருவரும் சம்மதித்தால் சந்திக்கலாம். தமயந்தி பாதிதான் கேட்டாள். 'மறுபடி வண்டி' என்ற சொல்லிலேயே அவள் நின்றுவிட்டிருந்தாள்.

நீந்தும் அந்த ஆளை ஒரு பெண் என்றுதான் அவள் மனம் வரித்துக்கொண்டது. இளம்பெண். மதியம் ஒன்றரைக்கு லேசாகக் கண்ணயர்பவள். ஞாயிறு காலைகளில் பாடுபவள் போலிருக்கிறது. மூச்சை நீட்டி நீட்டி விடும் ஒரு தாளம் வந்தது. சாயங்காலம் படி ஏறுவாள், எப்போதும் ஓடித்தான் ஏறுவாள். தமயந்தி டைம் ஆபீசில் உட்கார்ந்தபடியே அந்தப் பெண்ணின் நாளுக்குள் நடந்து திரிந்தாள். பாதிக் கனவு மாதிரி இருந்தது அந்த வாழ்க்கை. கண்ணாடிக்கு வெளியே தேயிலைச் சரிவுகள் மேகத்தில் கரைந்து மறுபடி தோன்றும். உள்ளே, பார்த்தேயிராத நீலத் தண்ணீர். மூச்சு வாங்குவது நின்றது. முகத்தில் ரத்தம் ஊறியது.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மைக்கில் "சோலையார் செல்லும் பேருந்து" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு ஒரு கிணற்றுக்குள் விழுந்தது. வாசகத்தை முடிக்க முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடிப்பு ஓடிற்று, தடுக்கி நின்றது, மறுபடி ஓடிற்று. மூன்று நாள் அப்படியே. சாப்பாடு இறங்கவில்லை. தனக்கு ஒரு துக்கமும் இல்லாமல் அழுவது விசித்திரமாக இருந்தது. மழையில் நனையும்போது, இது எங்கோ கடலில் கிளம்பிய தண்ணீர் என்று தெரிந்தும் நனைகிறோமே, அதைப் போல. வியாழக்கிழமை மாலை தன் மார்பின் மேல் கையை வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "அழுது தீத்துரு கண்ணு. நான் இங்கதான் இருக்கறேன். உன்கூடவே இருக்கறேன்."

வெள்ளிக்கிழமை அமைதி வந்தது. நீச்சல் நின்றுபோயிருந்தது. மனசு உடைந்த பிள்ளை எங்கே நீந்தப் போகும் என்று தமயந்தி நினைத்துக்கொண்டாள். அதிகாலை ஐந்தரைக்கு விழிப்பு மட்டும் வந்தது. தட்டையான, மிருதுவான ஒரு தாளம். தேறட்டும் பாவம், தேறட்டும் என்று காத்திருந்தாள்.

மாசிலாமணி வந்தது ஆவணியில். தவளைகளைக் கணக்கெடுக்கும் ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் ஊழியர் அவர். ஐம்பதைத் தொட்டவர், மனைவி இறந்து எட்டு வருடம். அட்டகட்டியில் குடியிருப்பு. பகல் முழுக்க ஓடைகளில் நின்றுவிட்டு, முழங்கால்வரை ஈரத்தோடு நாலு மணிக்கு நிலையத்துக்கு வருவார். கூண்டின் துவாரத்துக்கு முன்னால் குனிந்து கேட்பார்.

"அட்டகட்டி வண்டி எப்பங்க?"

"நாலு இருவதுக்குங்க."

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். பத்தாவது நாள் தமயந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்க, தெனமும் அதே வண்டிதானுங்களே. மாறினா நானே சொல்லியுடறேன்."

"தெரியுமுங்க," என்றார் அவர். காது சிவந்துபோயிற்று. "காலைல இருந்து தவளைகூடவே பேசிட்டு இருக்கறனுங்க. மனுசக் கொரல் கேட்டா நல்லாருக்குது."

அப்படித்தான் பேச்சு வளர்ந்தது. ஓடை இரைச்சலில் தன் குரல் கேட்காது என்று தெரிந்து, பாறை மேல் நின்று பின்னங்காலை நீட்டி நீட்டி ஆட்டும் ஒரு தவளையைப் பற்றிச் சொன்னார். கட்டைவிரல் நீளம்கூட இருக்காதாம். அதற்குள் அவ்வளவு பிடிவாதம். அவள் அவருக்கு வளைவுகளைப் பற்றிச் சொன்னாள். எந்த வளைவில் மேகம் எத்தனை மணிக்கு இறங்கும், எந்த வளைவில் வரையாடு குறுக்கே நிற்கும் என்று. இருபது நிமிடம். வண்டி வரும். போவார்.

புரட்டாசியில் அது தொடங்கியது. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே நெஞ்சு ஒரு துள்ளு துள்ளும். பிறகு படி ஏறுவதுபோலக் குதித்துக் குதித்துப் போகும். நாலரைக்கு மேல் மெல்ல அடங்கி, இனிப்புத் தின்ற வாயைப் போல ஒரு நிறைவு தங்கும். தமயந்திக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தப் பிள்ளைக்கு நல்லது நடந்துவிட்டது. யாரோ வருகிறார்கள், நாலு மணிக்கு வருகிறார்கள். துக்கம் தீர்ந்தது.

ஐப்பசிப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் சொன்னாள். "எங்க டோனருக்கு ஆரோ கிடைச்சிருக்காங்க டாக்டர். தெனமும் நாலு மணிக்கு. எனக்கு நல்லாத் தெரியுது."

டாக்டர் ரெஹானா கையிலிருந்த இதயத்துடிப்பு வரைபடத் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க நல்லா இருக்கீங்க தமயந்தி," என்றார். "ரொம்ப நல்லா இருக்கீங்க."

மார்கழியில், மேகம் கூண்டுக்குள்ளேயே வந்து நின்ற ஒரு மாலை, மாசிலாமணி வண்டி நேரம் கேட்கவில்லை.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராதுங்க," என்றார். "நாம ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தா நல்லாருக்கும்னு தோணுது. உங்களுக்கும் தோணுச்சுன்னா சொல்லுங்க."

இதயம் கூரைக்கு எகிறியது. காதுக்குள் அதன் சத்தம் கேட்டது. மணியைப் பார்த்தாள். நாலு பத்து.

'உனக்கு இப்போது என்னம்மா?' என்று அந்தப் பெண்ணை நினைத்தாள். 'அங்கேயும் கேட்டுவிட்டானா?' அடுத்த கணம் அவளுக்குப் பயமாகிவிட்டது. இந்தத் துள்ளல் அங்கிருந்து வருகிறது என்றால், இங்கே தனக்கென்று என்ன இருக்கிறது? கையைத் தன் நெஞ்சில் வைத்தாலும் அடுத்தவள் வீட்டுக் கதவைத்தானே தட்டுகிறது?

அவருக்குக் கருவியைப் பற்றி எல்லாம் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"இப்பப் பாருங்க, எனக்கு எப்படி அடிக்குதுன்னு. ஆமான்னு வாய் வரைக்கும் வருது. ஆனா அது ஆரு சொல்ற ஆமாங்க? எங்கியோ ஒரு புள்ள சந்தோசமா இருக்கறா, அந்த மயக்கத்துல நான் உங்களுக்குத் தலையாட்டிட்டு, நாளைக்கு அவ அழுதா நான் உங்களை வெறுத்துட்டேன்னா? வேண்டாமுங்க. என்னோடதுன்னு தெரியாத ஒண்ணை வெச்சு உங்களுக்கு வாக்குக் குடுக்க மாட்டேன்."

மாசிலாமணி துவாரத்திலிருந்து நிமிர்ந்தார். "செரிங்க," என்றார். வண்டி வந்தது. மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. அட்டகட்டிக்குக் கீழே வேறு ஓடைக்கு மாற்றிக்கொண்டதாக நடத்துநர் ஒருவர் சொன்னார்.

நாலு மணி வந்துகொண்டுதான் இருந்தது. நெஞ்சு எம்பிப் பார்க்கும். பிறகு தளர்ந்து உட்காரும். அங்கேயும் அவன் வரவில்லை போலிருக்கிறது என்று தமயந்தி நினைத்தாள். அந்த மாதம் முழுக்க இரண்டு பெண்களுக்குமாகச் சேர்த்து அவள் வருத்தப்பட்டாள்.

தை பிறந்தது. ஒரு வருடம் முடிந்தது. கொடையாளர் சந்திக்கச் சம்மதித்திருக்கிறார் என்று கடிதம் வந்தபோது, தமயந்தி புதுச்சேலை உடுத்தி, நல்ல தேயிலையாக ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு கோவைக்கு வண்டி ஏறினாள்.

மருத்துவமனையின் மேல்மாடியில் ஒரு சின்ன அறை. இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல். காலை பதினோரு மணி வெயில் தரையில் பாய்போல விரிந்திருந்தது. கதவைத் திறந்துகொண்டு வந்த பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருக்கும். அகலமான தோள்கள். தமயந்தி எழுந்தாள். 'நீச்சல்காரிதானே நீ' என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"உயிரோட இருக்கீங்களா அக்கா? நெசமாவே நீங்கதானா?"

"நான்தாங்கண்ணு. ஏன் அழுகற? உக்காரு, உக்காரு."

அவள் பெயர் ஹெப்சிபா. பொள்ளாச்சியில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித்தருபவள். மறுதரப்பு சம்மதித்திருக்கிறது என்று மட்டும்தான் அவளுக்கு வந்த கடிதத்தில் இருந்ததாம். செத்துப்போனவரின் வீட்டு ஆட்கள் கூப்பிட்டுத் திட்டப்போகிறார்கள், திட்டட்டும் என்று வந்திருக்கிறாள்.

"நான் அந்த வில்லையைக் கழட்டிட்டேங்க அக்கா," என்றாள், தரையைப் பார்த்து. "ஆனியிலயே கழட்டிட்டேன். எனக்கு நிச்சயம் பண்ணியிருந்தாங்க. ஒரு செவ்வாக்கெழம, அந்த ஆளு வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. மூணு நாள் அழுதேன். ஆனா அழக்கூட முடியலக்கா. ஒவ்வொரு தடவையும் ஆரோ பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருக்கற மாதிரியே இருந்துச்சு. கதவைத் திறந்து வெச்சுட்டுக் குளிக்கற மாதிரி. வெள்ளிக்கெழம காலைல பிச்சு எடுத்து மேசை டிராயர்ல போட்டுட்டேன். அப்புறந்தான் பயம் வந்துச்சு. கழட்டினா அந்தப் பக்கம் என்ன ஆகும்னு படிவத்துல போட்டிருந்தாங்களாம், நான் படிக்கல. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன், சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. ஆறு மாசமா, ஒரு உசுரை எடுத்துட்டு நான் நடமாடிட்டு இருக்கறேன்னுதான் நெனச்சேன்."

தமயந்தி அவள் தோளில் கையைப் போட்டிருந்தாள். அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது. உன்கூடவே இருக்கிறேன் என்று அந்த வியாழக்கிழமை சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தப் பிள்ளை தப்பியோடியது அந்தத் துணையிடமிருந்துதான்.

"ஆனியிலயா?" என்றாள். "அப்ப நாலு மணி?"

"எந்த நாலு மணிங்க அக்கா?"

வெயில் தரையில் ஒரு விரற்கடை நகர்ந்தது. எங்கோ தள்ளுவண்டிச் சக்கரம் கிரீச்சிட்டுப் போனது. தமயந்தி, ஆறு மாதமாக யாரோ ஒருவரின் வீட்டைப் பொன்போலப் பார்த்துக்கொண்டு, அங்கே ஒரு பூவைக்கூடப் பறிக்காமல் இருந்துவிட்டு, கடைசியில் பத்திரத்தில் தன் பெயரே இருப்பதைப் பார்ப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் ரெஹானா உள்ளே வந்தபோது இருவரும் கையைக் கோத்தபடி இருந்தார்கள்.

"அந்த அடைப்பு எப்பத் திறந்துச்சுங்க டாக்டர்?" என்று தமயந்தி கேட்டாள்.

"ஆனி கடைசியில. அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு வாரம் முன்னாடியே திறக்க ஆரம்பிச்சிருந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் மெஷின் ஒரே ஒரு துடிப்புகூடக் கொடுக்கல."

"சொல்லியிருக்கலாமுங்களே. நாலு மணியைப் பத்தி உங்ககிட்டச் சொன்னேன். நீங்க தாளைத் திருப்பி வெச்சீங்க."

"சொன்னா இந்தப் பொண்ணு விலகினதைச் சொன்ன மாதிரி ஆயிடும். விதி அப்படி. அதை எழுதினவங்கள்ல நானும் ஒருத்தி." டாக்டர் உட்காரவில்லை. "அன்னிக்கு நீங்க போனப்புறம் ரொம்ப நேரம் அந்த விதியை எடுத்து வெச்சுப் படிச்சேன். உயிருக்கு, ரகசியத்துக்கு, எல்லாத்துக்கும் ஒரு பத்தி இருந்தது. இப்படி ஒண்ணு நடக்கும்னு எங்க யாருக்கும் தோணல."

"ஒரு மனுசரை நான் திருப்பி அனுப்பிட்டேனுங்க."

டாக்டர் சான்றிதழை மேசை மேல் வைத்துவிட்டு, ஹெப்சிபாவின் தலையை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

படிக்கட்டில் நின்று தமயந்தி மாசிலாமணிக்குப் போன் போட்டாள். ஓடைச் சத்தம் கேட்டது. கோவையில் கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆவணியிலிருந்து எல்லாம் தன்னுடையதுதான் என்றாள்.

"எப்ப வண்டி எடுக்கறீங்க?" என்று அவர் கேட்டார்.

"வர்ற புதங்கெழம. காலைல பொள்ளாச்சியில இருந்து."

"செரிங்க," என்றார். அவ்வளவுதான்.

புதன்கிழமை ஹெப்சிபாவும் வந்தாள். மலைக்கு அவள் வந்ததேயில்லை. ஓட்டுநருக்குப் பின்னால், ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். இப்போதெல்லாம் மறுபடி காலை ஐந்தரைக்கு நீந்துகிறாளாம். தனியாக நீந்துவது எவ்வளவு நன்றாயிருக்கிறது தெரியுமா அக்கா என்றாள். ஆழியாறு அணை தாண்டி முதல் வளைவில் தமயந்தி ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். இரண்டாவதில் பிடி தானாகத் தளர்ந்தது. பத்தாவது வளைவுக்குமேல் மேகம் தொடங்கியது. வண்டி சத்தமில்லாமல் அதற்குள் ஏறியது. கண்ணாடியில் வெண்மை வந்து மோதி இரண்டாகப் பிரிந்து போயிற்று. நெஞ்சு வேகமெடுத்தது. அவளுக்குப் பழக்கம் விடவில்லை. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஒரு கணம் யோசித்து, பிறகு தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

அட்டகட்டி நிறுத்தத்தில் மேகம் ஆளை மறைக்கும் அளவுக்குக் கனத்துக் கிடந்தது. கதவைத் திறந்தாள். கூடையோடு இரண்டு பெண்கள் ஏறினார்கள். ஒரு பெரியவர் இறங்கினார். வேறு யாருமில்லை. நடத்துநர் விசில் ஊதப் போனார்.

அப்போது அவள் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே ஒரு முகம் நிமிர்ந்தது. கம்பளித் தொப்பியில் பனித்துளிகள். மாசிலாமணி கதவுப் பக்கம் போகாமல், இங்கே வந்து நின்றிருந்தார்.

"ஒண்ணு கேக்கணுமுங்க."

"கேளுங்க. வண்டி ரெண்டு நிமிசந்தான் நிக்கும்."

"ஆவணியில இருந்து எல்லாம் உங்களோடதுதான்னு சொன்னீங்க."

"ஆமாங்க."

"நாலு மணிக்குத் துள்ளினது உங்களோடது. நான் கேட்டப்ப எகிறினதும் உங்களோடது."

"ஆமாங்க."

"அப்ப," அவர் குரலில் கோபம் இல்லை; தெரிந்துகொள்ளும் ஆவல்தான் இருந்தது. "வேண்டாம்னு சொன்னதும் நீங்கதானுங்களே?"

தமயந்தி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். இந்த ஒரு வாரமாக அவள் துள்ளலை மட்டும்தான் தன் பெயருக்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்தாள். மறுப்பை டாக்டரின் கணக்கில், விதியின் கணக்கில், பின்னால் உட்கார்ந்திருக்கும் இந்தப் பிள்ளையின் கணக்கில் விட்டுவைத்திருந்தாள். எனக்குத் தெரியாமல் போயிற்று என்று இப்போதும் சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த மாலை கூண்டுக்குள் எகிறிய இதயத்தில் ஆனந்தம் பாதி, பயம் பாதி. கோர்ட்டில் முடிந்துபோன பழைய பயம். அந்தப் பயத்துக்கு ஒளிய ஒரு இடம் தேவைப்பட்டது. ஒரு வில்லையும் கம்பியும் கையருகில் இருந்தன.



"ஆமாங்க," என்றாள் தமயந்தி. "அதும் நான்தான். பயந்துட்டேன்."

மாசிலாமணி தொப்பியைக் கழற்றி உதறினார். வண்டியின் முன்பக்கமாக, முகப்பு விளக்கின் வெளிச்சத்தைக் கடந்து, மேகத்தைக் கையால் விலக்குகிறவர் மாதிரி நடந்து சுற்றி வந்தார். படியில் ஏறினார். நடத்துநர் எங்கே போகணும் என்று கேட்டார்.

"வால்பாறைங்க," என்றார். "ஒண்ணு."

ஹெப்சிபா நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள். கதவு மூடியது. அடுத்த வளைவு வெள்ளைக்குள் எங்கோ இருந்தது. தமயந்தி ஒலிப்பானை ஒருமுறை நீளமாக அழுத்தினாள். மேலேயிருந்து வண்டி ஏதும் வரவில்லை என்று தெரிந்ததும், திருப்பத்துக்குள் சக்கரத்தை ஒடித்தாள்.